மாஜியின் பெயர் தாங்கிய கழிவுநீர் நிலையம்

மோட்டார்காரருக்குப் பேத்தி பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதமும் அவர் அந்தக் குழந்தையைக் கைப்பேசியில்தான் பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிடுவாள். திரையில் முதலில் கூரை தெரியும், அப்புறம் மின்விசிறி, அப்புறம் ஒரு காது, கடைசியில் குழந்தையின் நெற்றி. முகம் முழுசாகத் தெரிவதற்குள் "அழறாப்பா, வச்சிடறேன்" என்று மகள் வைத்துவிடுவாள். அவள் இருந்த ஊர் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். போய்ப் பார்த்துவிட்டு வர இரண்டு நாள் லீவு போதும். உலகத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு நாள்தான், அதுதான் கிடைக்கவில்லை.

ஊரின் கடைசி வீட்டையும் தாண்டிப் போனால் கழிவுநீர் ஏற்று நிலையம் வரும். ஊரார் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், வெளியே சொல்ல முடியாத தண்ணீர் எல்லாம் அங்கே ஓர் ஆழமான கிணற்றில் வந்து விழும். ஏழடி வந்ததும் மோட்டாரைப் போட்டு மேலே தூக்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். மறந்துபோய்ப் பத்தடி ஆகிவிட்டால், அனுப்பியது எல்லாம் அனுப்பியவர்களின் குளியலறைக்கே திரும்பிப் போகும். இந்த வேலைக்கு ஒரு காலத்தில் இரண்டு ஆள் இருந்தார்கள். இரண்டாவது இடம் ஒன்பது வருடமாகக் காலி. மோட்டார்காரர் நிலையத்துக்குள்ளேயே ஓர் அறையில் குடியிருந்தார். மனைவி இருந்தவரை அது வீடாக இருந்தது. அவள் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது, இப்போது அது ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். "லெவல்?" என்பாள். "அஞ்சே முக்கால்" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அவளை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "அதை எழுத இங்க கட்டம் இல்லைங்களே" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள்.

லீவுக்கு எட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். எட்டுக்கும் ஒரே பதில்: "மாற்று ஆளைக் காட்டினால் விடுப்பு பரிசீலிக்கப்படும்." மாற்று ஆளை எங்கே போய்க் காட்டுவது? இருந்த இடத்தைக் காலியாக வைத்ததே அவர்கள்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஊரில் பெயர் வைக்கும் கூத்து தொடங்கியது. அதைச் சொல்ல வேண்டுமானால் பெயர்சூட்டுத் துறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது பேர் வேலை பார்க்கும் துறை அது. ஐநூறு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் எந்தப் பொது இடத்துக்கும் எவர் பெயரையும் வைத்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. இந்தத் துறையையும் இந்த விதியையும் உண்டாக்கியவர் அப்போது அமைச்சராக இருந்தவர். அவர் ஆட்சியில் ஐநூறு கையெழுத்து என்ன, ஐயாயிரமே அரை மணியில் கிடைத்தது. பாலம், பஸ் நிலையம், பூங்கா, மூன்று குழாயடி, ஒரு போலீஸ் நாய்க்கூடம் எல்லாவற்றுக்கும் அவர் பெயர். தேர்தலில் தோற்றார். சும்மா தோற்கவில்லை, அவர் தெருவிலேயே அவருக்கு ஒன்பது ஓட்டு. அடுத்து வந்தவர்கள் ஒரே வாரத்தில் பாலம் முதல் நாய்க்கூடம் வரை அவர் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் அவர் வெறும் மாஜி.

மாஜி மீது யாருக்கும் கோபம் ஆறவில்லை, பல் டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம்கூட ஆறவில்லை. அவர் ஆட்சிக்கு வந்த மாதம் டாக்டரம்மாவின் கிளினிக் வாசலில் பள்ளம் தோண்டினார்கள். அவர் ஆட்சியை விட்டுப் போன மாதம் அதில் விழுந்துதான் டாக்டரம்மாவுக்குக் கால் உடைந்தது. "எல்லாத்திலயும் பேரு வேணும்னாரே, ஒண்ணு குடுப்போம்" என்று அந்த அம்மாள் மனு எழுதினாள். கழிவுநீர் நிலையத்துக்கு மாஜியின் பெயர். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் தாளை நீட்டினாள். மறுப்புச் சொல்ல அவர்களுக்கு வசதி இல்லை. ஐநூற்றிரண்டு கையெழுத்து சேர்ந்தது.

மனுவை வாங்கிய பெயரதிகாரி சிரிக்கவே இல்லை. "இது நக்கல்தான் சார், புரியுதா?" என்று டாக்டரம்மாளே அவருக்கு எடுத்துச் சொன்னாளாம்.

"கையெழுத்து ஐநூறுக்கு மேல இருக்கு. சிரிச்சுக்கிட்டுப் போட்டாங்களா, அழுதுக்கிட்டுப் போட்டாங்களான்னு பாக்கறது எங்க வேலை இல்லைங்க" என்று முத்திரை குத்தினார் பெயரதிகாரி.

அடுத்த வாரம் நிலையத்தின் முன்னால் பந்தல் போட்டார்கள். மோட்டார்காரர் ஒன்றும் புரியாமல் எண்ணெய்க் கையோடு நின்றார். டாக்டரம்மாவும் அவள் கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பெயரதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நம் துறையின் சாதனையை ஒரே வரியில் சொல்கிறேன். இந்த நகரத்தில் தண்ணீர் வராத தொட்டிகள் முந்நூறு இருக்கின்றன. பெயர் இல்லாத தொட்டி ஒன்றுகூடக் கிடையாது! ஒரு தொட்டிக்குத் தண்ணீர் விட ஆறு வருடம் ஆகிறது. பெயர் விட ஆறே நாள். மக்களுக்கு எதை விரைவாகச் செய்ய முடியுமோ அதைத்தானே அரசு முதலில் செய்ய வேண்டும்?"

கைதட்டினார்கள். அப்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து மாஜி இறங்கினார். அவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தில்கூட ஒரு நொடி சங்கடம் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, யாரும் நீட்டாத கைகளையெல்லாம் தேடிப் பிடித்துக் குலுக்கியபடி நேரே மேடைக்குப் போனார்.

"பாலத்துக்கு என் பெயர் வேண்டாம் என்றேன், வைத்தார்கள். பஸ் நிலையத்துக்கு வேண்டாம் என்றேன், வைத்தார்கள். எடுக்கும்போது மட்டும் என்னை யாரும் கேட்கவில்லை. இன்று நான் கேட்காமலேயே நீங்களாகவே வைத்திருக்கிறீர்கள். இந்த நிலையத்தைப் பாருங்கள். நகரம் முழுவதும் வேண்டாம் என்று தள்ளியதை எல்லாம் ஏற்றுக்கொள்கிறது. நானும் என் கட்சியில் அப்படித்தான் ஆட்களைச் சேர்த்தேன்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாஜி கையை உயர்த்தி அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொண்டார். புரிந்துதான் ஏற்றாரா, புரியாமல் ஏற்றாரா என்று மோட்டார்காரருக்குத் தெரியவில்லை. அரை மணியில் எல்லோரும் போய்விட்டார்கள். பந்தலுக்கு அடியில் ஒரு பலகை மட்டும் நின்றது. அதிலிருந்த பெயரையும் பட்டங்களையும் இங்கே எழுதினால் கதையில் பாதி அதிலேயே போய்விடும்.

அதன் பிறகு மோட்டார்காரரின் பிழைப்பு நாறிப்போனது. பதிவேட்டில் ஒவ்வொரு தடவையும் நிலையத்தின் முழுப் பெயரையும் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டம் இரண்டு விரல் அகலம், பெயர் ஏழு வரி. ஒரு லெவலை எழுத இருபது நிமிடம் ஆனது. பிறகு மணத் தணிக்கைக்கு இருவர் வந்தார்கள். கேட்டுக்கு வெளியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். "மாண்புமிகு பெயருக்குப் பொருந்தாத மணம் வீசுவதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தருக" என்று கடிதம் வந்தது. "ஐயா, இது கழிவுநீர்" என்று அவர் ஒரே வரியில் விளக்கம் எழுதினார். அந்தச் சொல் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் வரக் கூடாது, இனி "பணிநிறைவு பெற்ற நீர்" என்றே எழுத வேண்டும் என்று பதில் வந்தது. தனக்கும் இன்னும் இரண்டு வருடத்தில் பணிநிறைவு என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது, அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாவது லீவு விண்ணப்பத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பெயரதிகாரியிடம் போனார். கட்டுப்பாட்டு அறைக்காரியிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் அவகாசம் வாங்கியிருந்தார்.

"இப்ப நீங்க வெறும் ஆபரேட்டர் இல்லைங்க. பெயர்க் காப்பாளர்" என்றார் பெயரதிகாரி. "கூடுதல் பொறுப்பு."

"அதுக்குச் சம்பளம் உண்டுங்களா?"

"மரியாதை உண்டு. நீங்க லீவுல போனா அந்தப் பெயரை யார்கிட்ட ஒப்படைப்பீங்க? பெயரைத் தனியா விட்டுட்டுப் போக முடியாதே."

"மோட்டாரைத் தனியா விட்டுட்டுப் போகலாமாங்க?"

"அது வேற துறை."

பேத்தியைப் பற்றிச் சொன்னார். படத்தைக் காட்டினார், நெற்றி மட்டும் தெரிகிற படம். பெயரதிகாரி அக்கறையாகப் பார்த்துவிட்டு, "பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் துறையில் அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது கேட்டில் மாஜி உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார் இல்லை, நடந்தே வந்திருந்தார். "சும்மா, பலகையைப் பாத்துட்டுப் போகலாம்னு" என்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மோட்டார்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் நாலு வருடமாக யாரும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் போனே அடிப்பதில்லை என்றார் மாஜி. பழைய உதவியாளர் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறானாம். மனைவி மகன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லையாம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை "நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று சொல்லிப் பழகிய வாய், இப்போது கேட்பதற்கு ஆள் இல்லாமல் சும்மா கிடந்தது. மோட்டார்காரருக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று மணி ஆனால் அவர் கண் கேட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது.

ஒருநாள் இரண்டாவது ஆளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஒன்பது வருஷமாவா காலி?" என்று மாஜி விரல் விட்டு எண்ணினார். "அது நான் போட்ட கையெழுத்துங்க. ஒரே நாள்ல நானூறு போஸ்ட் ரத்து. மோட்டார் தானா ஓடும், ஆள் எதுக்குன்னு சொன்னாங்க. நான் படிக்கலை."

மோட்டார்காரர் எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவிக்கு உடம்பு முடியாமல் போன பதினோரு நாளும் அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் மோட்டாருக்கு ஓடுவதுமாக இருந்தார். கடைசி மூச்சின்போது மோட்டார் பக்கம் இருந்தார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. திரும்பினால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயசான ஆள், முழங்காலில் கை வைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். திட்டவும் வரவில்லை.

"ரெண்டு நாள்தானே, நான் பாத்துக்கறேன்" என்றார் மாஜி. "நீங்க போயிட்டு வாங்க."

அங்கேதான் விதி கை கொடுத்தது. பெயரை அதன் சொந்தக்காரரிடமே ஒப்படைக்க எந்தத் தடையும் இல்லை என்று பெயரதிகாரி புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார். மாற்று ஆளும் ஆயிற்று, ஏழு மாதம் நகராத கோப்பு ஏழு நிமிடத்தில் நகர்ந்தது. "பெயர் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று மாஜி கையெழுத்துப் போட்டார். மோட்டார்காரர் பச்சைப் பொத்தானைக் காட்டினார், அளவுக் கம்பத்தைக் காட்டினார், ஏழடியில் ஒரு சிவப்புத் துணி கட்டினார். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கும், சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். மாஜி மூன்று தடவையும் தலையாட்டினார். தலையாட்டிப் பழகிய தலை, அதை எவ்வளவு நம்புவது என்று தெரியாமலேயே மோட்டார்காரர் பஸ் ஏறினார்.

பேத்தி அவரைப் பார்த்ததும் வீல் என்று கத்தினாள். கைப்பேசிக்குள் இருந்த நெற்றியை அவர் அடையாளம் கண்டுகொண்டார், அவளுக்கோ அவர் யாரோ ஓர் ஆள். "புது ஆளுப்பா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றாள் மகள். 'புது ஆள்' என்ற சொல் அவருக்கு எங்கோ தைத்தது. நாள் முழுக்க அறையின் அந்தக் கோடியில் அவர் உட்கார, இந்தக் கோடியில் அவள் உட்கார்ந்து சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மத்தியானம் என்ன தோன்றியதோ, தவழ்ந்து வந்து அவர் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அவர் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறைக்காரி.

"உங்க ஸ்டேஷன்ல யாருங்க அது? மூணு தடவை லெவல் கேட்டுட்டேன். மூணு தடவையும் 'நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மக்கள் பதற்றப்பட வேண்டாம்'னே சொல்றார். நான் எத்தனை அடின்னு எழுதறது?"

மோட்டார்காரர் குழந்தையை மறுகையால் அணைத்துக்கொண்டார். ஒற்றைக் கையால் நிலையத்துக்கு எண்ணை அழுத்தினார்.

"ஐயா, எத்தனை அடி?"

"கவலைப்பட ஒண்ணுமில்லை. எல்லா நடவடிக்கையும்..."

"அடி எத்தனைங்க?"

"போன தடவையோட ஒப்பிட்டா..."

"நம்பர் சொல்லுங்க ஐயா!"

அந்தப் பக்கம் மோட்டாரின் வெற்று இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மாஜியின் குரல், ஒலிபெருக்கியில் கேட்ட குரலே இல்லை, மெலிந்து வந்தது. "ஒன்பதே கால். பயமா இருக்குங்க."

"பயப்படாதீங்க. மோட்டாரை நிறுத்துங்க. காத்து அடைச்சிருக்கு. சின்னத் திருகைத் திறங்க. தண்ணி பீச்சி அடிக்கும், ஒதுங்கிக்கிடுங்க." ஒதுங்கத் தெரியவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. மாஜி காறித் துப்பினார். "இப்ப மூடிட்டு மோட்டாரைப் போடுங்க." இரைச்சல் தடித்தது. தண்ணீரைத் தூக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை அவர் ஒன்பது மணி நேர தூரத்திலும் அறிவார்.

"ஒன்பது" என்றார் மாஜி. "எட்டே முக்கால். எறங்குதுங்க! எட்டரை!" வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் உண்மைக் கணக்கைச் சொல்கிற சந்தோஷம் அவருக்கு. ஏழடி வந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. "குழந்தை என்ன பண்ணுது?" என்றார்.

"தூங்குதுங்க. என் மடியிலதான்."

"அசையாதீங்க அப்ப" என்றார் மாஜி. "இனிமே எப்ப போகணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, போதும். நான் வந்து பாத்துக்கறேன். இது வாக்கு" என்றார். மோட்டார்காரர் அதை நம்பினார். சட்டையெல்லாம் நனைந்து நிற்கும் ஒரு மனிதரை நம்பாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பி வந்த பின் மாஜி இன்னும் இரண்டு மாதம் தினமும் வந்தார். அளவைத் தானே பார்த்துச் சொல்வார், கட்டுப்பாட்டு அறைக்காரிக்கு அங்குலம் வரை சொல்வார். பிறகு ஒருநாள் மூன்று மணிக்கு வரவில்லை. மறுநாள் பேப்பரில் படம் வந்திருந்தது. கட்சி மாறிவிட்டார். மாறிய பதினோராம் நாள் அமைச்சர்.

பன்னிரண்டாம் நாள் பெயரதிகாரி கிரேனோடு வந்தார். "பதவியில இருக்கிறவங்க பெயரை இந்த மாதிரி இடத்துல வைக்கக் கூடாதுங்க. அவமதிப்பு" என்றார். டாக்டரம்மாள் ஐநூற்றிரண்டு கையெழுத்தையும் காட்டிச் சண்டை போட்டாள். அவள் கிளினிக் வாசலில் மறுபடி பள்ளம் தோண்டினார்கள். பலகை போனது, பெயர் போனது, காப்பாளர் பொறுப்பும் போனது. மோட்டார்காரர் பதிவேட்டில் பழையபடி 'கழிவுநீர் நிலையம்' என்று எழுதினார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை மகள் வழக்கமில்லாமல் கூப்பிட்டாள். "அப்பா, நடக்கறாப்பா! நாலு அடி நடந்தா. ஓடிப் பழகறதுக்குள்ள வந்து பாத்துடுப்பா." அவர் பத்தாவது விண்ணப்பம் போடவில்லை. மாஜியின் எண்ணுக்குப் போன் செய்தார். யாரோ ஓர் இளைஞன் எடுத்தான்.

"அமைச்சர் மீட்டிங்ல இருக்கார். என்ன விஷயம்?"

"பேத்தி நடக்க ஆரம்பிச்சிருக்குங்க. ரெண்டு நாள் போய்ப் பாத்துட்டு வரணும். ஐயா வந்து மோட்டாரைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க."

"அமைச்சரா? மோட்டாரையா?"

"ஆமாங்க. அவருக்கு அந்த வேலை நல்லாத் தெரியும்."

அவன் சிரிப்பை அடக்குவது கேட்டது. போனைச் சரியாகப் பொத்தவில்லை. "யாருப்பா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மோட்டார்காரருக்கு நன்றாகத் தெரிந்த குரல். "கழிவுநீர் ஸ்டேஷன் ஆபரேட்டராம்யா. பேத்தி நடக்குதாம்" என்றான் இளைஞன். மோட்டார்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மனுவா வாங்கிக்க" என்றது அந்தக் குரல். "ஆவன செய்யலாம்."

"மனுவா எழுதிக் குடுத்துடுங்க, ஐயா ஆவன செய்வார்" என்றான் இளைஞன்.

"ஐயா சொன்னது எனக்கே கேட்டுச்சுங்க" என்றார் மோட்டார்காரர். போனை வைத்தார். கிணற்றில் ஏழடி வந்திருந்தது, எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.